உப்பு நெறஞ்சிருக்கு

மாங்காய் நறுக்கியாயிற்று. உறைப்புக்குக் கொச்சிக்காய்த் தூள் இருக்கிறது, சீனி இருக்கிறது. உப்பு மட்டும்தான் வேண்டும். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயதிருக்கும். தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கு ஓடினேன்.

"சித்தி, உப்பு இருக்கா?"

"நெறஞ்சிருக்குடி."

நல்லதாகப் போயிற்று என்று அவர் வாசல் இஸ்தோப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சித்தி ரொட்டிக்கு மாவு பிசைந்தார். அடுப்பை ஊதினார். வாசலுக்கு வந்த கோழியை விரட்டினார். உப்பு வரவேயில்லை. மாங்காய்த் துண்டுகளின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பி, "சித்தி நெறைய உப்பு வச்சுக்கிட்டே தரமாட்டேங்கிறாங்க" என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பு, வரிசை வீடுகள் சேர்ந்த எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டிருக்கும்.

"அடி கூறுகெட்டவளே! உப்பு முடிஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்கா. நம்ம டப்பாவ எடுத்துட்டுப் போய் அவளுக்கும் கொஞ்சம் குடுத்துட்டு வா."

சித்தி எங்களுக்கு இரத்த உறவில்லை. ஒரு சுவர்தான் உறவு. என் அம்மாவை அவர் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் சித்தியானார். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. அவர் வீட்டில் கடுகு வெடித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம்.

அடுப்படியில் 'இல்லை' என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அரிசி தீர்ந்துவிட்டால் அரிசி நிறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால் அது இல்லாமலே போய்விடும் என்று ஒரு பயம். ஆனால் மற்றப் பெண்கள் இதை அரிசி, உப்பு, மஞ்சள், குங்குமம் என்று நாலைந்து பொருளோடு நிறுத்திக்கொள்வார்கள். சித்தி நிறுத்தவில்லை. மண்ணெண்ணெய் நெறஞ்சிருக்கு. ஃபோனில் காசு நெறஞ்சிருக்கு. கரண்ட் போய் லயமே இருட்டாகக் கிடக்கும்போது, "கரண்ட் நெறஞ்சிருச்சு, வெளக்கப் பொருத்து" என்பார். ஒருமுறை, "கடைசி பஸ் நெறஞ்சிருச்சு" என்று அவர் சொன்னதைக் கேட்டு, கூட்டமான பஸ்ஸாக இருந்தால் என்ன, தொற்றிக்கொண்டு போகலாம் என்று பசறை வீதிக்கு ஓடிப் போய் நின்றவள் நான். பஸ் போய் வெகுநேரமாகியிருந்தது.

உண்மையிலேயே ஒன்று இருந்தால் சித்தி, "இருக்கு" என்று மட்டும் சொல்வார். கையோடு மூடியைத் திறந்தும் காட்டுவார். இருந்தால் இருக்கு, இல்லாவிட்டால் நெறஞ்சிருக்கு. அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓர் உப்புத் தட்டும் ஒரு பஸ்ஸும் தேவைப்பட்டன. சிலருக்கு இன்னும் புரியவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டம் என்றதும் எல்லாரும் கம்பளிப் போர்வையை நினைக்கிறார்கள். எங்கள் தோட்டம் பசறைக்கும் கீழே இருக்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் தகரக் கூரை தணலாகக் கொதிக்கும். மத்தியானத்தில் சோற்றைப் பார்த்தாலே வாய் கசக்கும். அந்தக் காலம்தான் சித்தியின் காலம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் பின்னால் ஒரு மாமரம், கோயிலுக்குப் பக்கத்தில் புளிப்புக் காய் காய்க்கிற ஓர் அம்பரெல்லா மரம், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகிற வழியில் யாரும் வைக்காமலே முளைத்த அன்னாசி. அத்தனையும் யாருக்கும் சொந்தமில்லை. அதனால் சித்திக்குச் சொந்தம். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வரும்போது அவர் மடியில் ஏதாவது கனக்கும்.

சித்தியின் மாங்காய்ப் பச்சடி! நான் எத்தனையோ வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், கேட்டுக் கேட்டு நானே செய்தும் பார்த்திருக்கிறேன். அது வராது. கொட்டை முற்றத் தொடங்கிய காயைத் தோலோடு நீளமாக அரிவார். மஞ்சளும் உப்பும் போட்டு, காய் முழுகாத அளவுக்குத்தான் தண்ணீர் விடுவார். விளிம்பு குழையத் தொடங்கியதும் கித்துள் மரத்துக் கருப்பட்டியை உடைத்துப் போடுவார். அதற்குப் பிறகு கரண்டி கிடையாது. சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டுவார். கடைசியில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. அம்பரெல்லா என்றால் தேங்காய்ப் பாலில் ஒரு துண்டு கறுவாப்பட்டையோடு கொதிக்கும். அன்னாசியின் நடுத்தண்டைக்கூட எறிய மாட்டார். அதைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த ரசத்தைக் கோப்பையில் குடித்தால் உச்சந்தலை வரைக்கும் வியர்க்கும். பிறகு காற்று பட்டதும் உடம்பு குளிரும்.

"எவ்வளவு கருப்பட்டி சித்தி? ஒரு அளவு சொல்லுங்க."

"அளவெல்லாம் நாக்குல இருக்கு டீச்சர்." நான் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் படிக்கிற காலத்திலேயே எனக்கு டீச்சர் பட்டம் கொடுத்துவிட்டார். "புளிப்பு மொதல்ல வந்து கதவத் தட்டணும். இனிப்பு உள்ள வந்து ஒக்காரணும். உறைப்பு கெளம்புறப்ப சொல்லிட்டுப் போகணும். அம்புட்டுத்தான்."

"மூணு பேரும் ஒண்ணா வந்தா?"

"அப்ப அது பச்சடியே இல்…" என்று தொடங்கியவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். "அப்ப அது கங்காணியம்மா வீட்டுப் பச்சடி."

கங்காணியம்மா எங்கள் மேல் லயத்தில் இருப்பவர். நல்ல மனுஷி, ஆனால் வாய் கொஞ்சம் நீளம். சித்தியின் கணவர் கொழும்புக் கடையொன்றில் வேலைக்கென்று போனவர், மகள் துஷா தவழும்போது போனவர், அப்புறம் வரவேயில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கங்காணியம்மா ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்:

"ஏம்புள்ள, ஒம் புருஷன் எங்க? அவரும் நெறஞ்சிட்டாரா?"

பெண்கள் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். சிரித்தபடியே குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "ஆமாங்க. வழிஞ்சு ஊத்திருச்சு" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. குடம் தளும்பத் தளும்ப அவர் ஏறிப்போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் இருந்தது. அது கையேந்தாமல் கேட்கிற வழி. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பானகம் கரைப்பது எப்போதும் சித்தியின் வேலை. புளி, கருப்பட்டி, சுக்கு, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. பெரிய அண்டாவில் கரைத்து வேப்பிலையால் மூடி வைப்பார். தேர் இழுத்துக் களைத்து வருகிறவர்கள் ஒரு மிடறு குடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு வருஷம் கரைத்துக்கொண்டிருக்கும்போதே கோயில் தலைவரைப் பார்த்து, "கருப்பட்டி நெறஞ்சிருக்குங்க" என்றார். மனிதர் உடனே மகனைக் கடைக்கு விரட்டினார். கருப்பட்டி வந்தது. சித்தி யாரிடமும் எதுவும் கேட்டதாகவும் ஆகவில்லை, கொடுத்தவர் கொடுத்ததாகவும் ஆகவில்லை. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே அகராதி இருக்கிற வரைக்கும் இதில் ஒரு சிக்கலும் கிடையாது.

அப்புறம் நாடே வரிசையில் நின்ற அந்த வருஷம் வந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. ரொட்டி சுட்டுத்தான் எங்கள் வயிறு நிறையும். அந்தக் கோதுமை மாவே கடைக்கு வரவில்லை. வந்தபோது வாங்குகிற விலையிலும் இல்லை. அந்த வருஷம் எங்கள் லயம் முழுவதும் நிறைந்திருந்தது. அம்மா சுவர் வழியாக, "மாவு நெறஞ்சிருக்கு தங்கச்சி" என்பார். "இங்கயும் நெறஞ்சிருக்கு அக்கா" என்று பதில் வரும். முன்பென்றால் ஒரு வீடு நிறைந்தால் இன்னொரு வீட்டிலிருந்து கிண்ணம் வரும். இப்போது கிண்ணம் எங்கிருந்து வரும்?

மாமரம் மட்டும் அந்தப் பங்குனியில் வெறி பிடித்த மாதிரி காய்த்தது.

சித்தி தினமும் சமைத்தார். மாங்காய்ப் பச்சடி, மாங்காய்ச் சாறு, மாங்காயும் பலாக்கொட்டையும், வெந்த அம்பரெல்லா, சுட்ட அம்பரெல்லா. நான் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டே இருப்பேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம், எனக்கு வேறு வேலையும் இல்லை. "இதை ஒரு புத்தகமாவே போடலாம் சித்தி" என்று குதிப்பேன். அவர் சிரிப்பார். ஆனால் ஒன்று கவனித்தேன். தண்ணீர் குடிக்கும்போது முகத்தைச் சுளித்தார். தேத்தண்ணியை ஆறவைத்து, ஒரு பக்கக் கடைவாயால் குடித்தார்.

"என்ன சித்தி, பல்லு வலியா?"

"கூசுதுடி. காய் புளிப்பு."

"அப்ப நிறுத்துங்களேன் கொஞ்ச நாளைக்கு."

அவர் துஷாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். தன் தட்டில் பச்சடியை வைத்தார்.

பதுளைப் பக்கமிருந்து சில இளைஞர்கள் உலர் உணவுப் பொதிகளோடு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். தாங்களே சேர்த்து, தாங்களே கட்டி, தாங்களே சுமந்து ஏறி வந்திருந்தார்கள். லயத்துக்கெல்லாம் போதாது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் வாசல் வாசலாக நின்று, "வீட்டில அரிசி, மா ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தார்கள். நான் அன்று பசறையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். நடந்ததை அம்மாதான் சொன்னார்.

அன்றைக்கு லயத்துப் பெண்கள் எல்லாரும் வழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். "இல்லப்பா, ஒரு பொட்டுக்கூட இல்ல" என்றார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். கங்காணியம்மா அழுதேவிட்டாராம். பிள்ளைகள் சித்தி வாசலுக்கு வந்தபோது அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்பரெல்லா அரிந்துகொண்டிருந்தார். வெயிலில் ஏறி வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும், அரிந்ததில் உப்பும் கொச்சிக்காயும் பிசிறி ஆளுக்கொரு கை கொடுத்தார். அவர்கள் ருசி பார்த்து ஆகா என்றார்கள்.

"அக்கா, வீட்டில சாமான் எல்லாம் இருக்கா?"

"நெறஞ்சிருக்கு தம்பி."

"ரொம்ப நல்லம் அக்கா. அப்ப இல்லாத ஆக்களுக்குக் குடுக்கிறம்."

அவர்கள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்கள்.

"நீங்க சும்மாவா நின்னீங்க?" என்று அம்மாவிடம் பாய்ந்தேன்.

"சொல்ல வாயெடுத்தேன்டி. அவ என் கையப் புடிச்சு அழுத்திட்டா. நகம் பதிஞ்ச எடத்தப் பாரு."

அன்று சாயந்தரம் சுவருக்கு அந்தப் பக்கம் துஷாவின் குரல் கேட்டது. அவளுக்கு அப்போது பத்து வயது.

"ஏம்மா நீ மட்டும் இல்லன்னு சொல்லல?"

"சொன்னேனேடி."

அவ்வளவுதான் பதில். சொன்னேனே. அதில் கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிற குரல். எனக்குத்தான் கோபம் வந்தது. சித்தி மேலேயே வந்தது. வீம்பா இது? பயமா? பிள்ளை பசியில் இருக்கும்போது ஒரு சொல்லைக் கட்டிக்காத்து என்ன ஆகப்போகிறது? அம்மா எங்களுக்கு வந்த பொதியில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சித்தி மூடியைத் திறந்து டப்பாவில் கொட்டிக்கொண்டு, "இப்ப இருக்கு அக்கா" என்றார். அந்த 'இருக்கு' எத்தனை நாளைக்கு?

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் கொழுந்து மலையில் கூடையோடு விழுந்தார். வாயில் இரத்தம். ஆஸ்பத்திரியில், குடலெல்லாம் புண் என்றார்கள். வெறும் வயிற்றில் இவ்வளவு புளிப்பைத் தின்றால் வேறென்ன ஆகும்? புளி, மாங்காய், எலுமிச்சை எதுவும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் துஷாவுக்காகப் பச்சடி செய்தார். நாக்கில் வைக்காமலே செய்தார். அப்போதும் அது சரியாக இருந்தது. அது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவு செய்தார். துஷாவை எங்கள் வீட்டில் விட்டார். கிளம்புகிற அன்று ஒரு போத்தல் மாங்காய்த் தொக்கை அவள் கையில் கொடுத்தார். "கொஞ்சங்கொஞ்சமா தின்னு. இது இருக்கிற வரைக்கும் அம்மா இருக்கேன்னு வச்சுக்க" என்றார். துஷா அதைத் தீப்பெட்டிக் குச்சியால் தொட்டுத் தொட்டு, அடுத்த மாம்பூ வரைக்கும் வைத்திருந்தாள். ஒருநாள் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

"தொக்கு இருக்கா துஷா?"

"நெறஞ்சிருச்சு அக்கா" என்றாள்.



வெள்ளிக்கிழமைகளில்தான் சித்தி பேசுவார். அந்த வீட்டார் வெளியே போகிற சிறிது நேரம். முதல் வீடு நல்ல வீடு. "சோறு இருக்கு. கோழி இருக்கு. மாம்பழங்கூட இருக்கு டீச்சர், ஆனா இனிப்பு மட்டும் வந்து குந்திக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது" என்று சிரிப்பார். ஒவ்வோர் 'இருக்கு'வும் கேட்கும்போது அம்மா கையெடுத்துக் கும்பிடுவார். அப்புறம் அவரை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை சத்தமே இல்லை. மூன்றாவது வெள்ளி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"சாப்பிட்டீங்களா சித்தி?"

"அதெல்லாம் நெறஞ்சிருக்கு."

"சம்பளம்?"

"நெறஞ்சிருக்கு."

"தூங்க எடம்?"

"எல்லாம் நெறஞ்சிருக்கு டீச்சர். வச்சிடறேன், காரு சத்தம் கேக்குது."

நான், அம்மா, துஷா மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

நான் இப்போது பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே டீச்சர். மறுநாளே அவரை அனுப்பிவைத்த ஏஜென்சிக்குப் போனேன். ஃபோனில் பதிவான குரலைப் போட்டுக் காட்டினேன். மேசைக்குப் பின்னால் என் வயதுப் பையன். மரியாதையாகத்தான் கேட்டான்.

"மிஸ், எல்லாம் நெறஞ்சிருக்குன்னுதானே சொல்றாங்க?"

"அதுக்கு அர்த்தம் ஒண்ணுமே இல்லைங்கிறது."

"நெறஞ்சிருக்குன்னா இல்லையா?"

"ஆமா. எங்க வீடுகள்ல அப்படித்தான். இருந்தா, இருக்குன்னு சொல்வாங்க."

அவன் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. நான் படபடவென்று உப்புத் தட்டுக் கதையிலிருந்து தொடங்கிவிட்டேன். கடைசி பஸ்ஸையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

"மிஸ், நான் உங்கள நம்புறேன்னே வைங்க. நான் இதை இங்கிலிஷ்ல எழுதி அங்க அனுப்பணும். நெறஞ்சிருக்குன்னு எழுதினா அவங்க என்ன நெனப்பாங்க? அவங்க வாயால, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் இன்னைக்கே அனுப்புறேன்."

ஒரு வார்த்தை. எங்கள் சித்தியிடமிருந்து.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அம்மா மாங்காய்ப் பச்சடி வைத்திருந்தார். மறுபடியும் பங்குனி, மறுபடியும் காய். சட்டி அடுப்பில் இருக்கும்போதே அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டு, பதிவை அழுத்தினேன்.

"சித்தி, நேரமில்ல. கேக்கிறதுக்கு நேராப் பதில் சொல்லுங்க. சாப்பாடு குடுக்கிறாங்களா?"

"அதான் சொன்னேனே டீச்சர். நெறஞ்சிருக்கு."

"அப்படிச் சொன்னா ஆபீஸ்ல புரியாது சித்தி."

"ஒனக்குப் புரியுதே."

"எனக்குப் புரிஞ்சு என்ன செய்ய? அவங்களுக்குப் புரியணும்!"

அந்தப் பக்கம் ஏதோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். துஷா என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். இப்போது என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள்.

"அம்மா. இல்லன்னு சொல்லு."

"வேணாண்டி. புள்ளையப் பெத்தவ வாயில அது வரக்கூடாது. சொன்னா நெலச்சிரும்."

"எங்கம்மா நெலைக்கும்?"

"வீட்டுலதான்."

"நீ இருக்கிறது நம்ம வீடா?"

துஷா ஃபோனை வாயருகே கொண்டுபோனாள்.

"அது அவங்க வீடும்மா. அங்க சொன்னா அவங்களுக்குத்தானே இல்லாமப் போகும்? நம்ம வீட்டுக்கு என்ன? சொல்லும்மா."

ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பிறகு சித்தி, அ, ஆ படிக்கிற பிள்ளை எழுத்துக் கூட்டுகிற மாதிரி சொன்னார்.

"சோறு… இல்ல."

அம்மா ஃபோனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சம்பளம் இல்ல. படுக்க எடம் இல்ல, குசினி அடுப்புப் பக்கத்துத் தரையிலதான். கதவுக்குச் சாவி இல்ல, வெளியில பூட்டுறாங்க. பாஸ்போட்டு என் கையில இல்ல. மருந்து இல்ல. மறுபடி ரத்தம் வருது, கேக்க ஆளு இல்ல. பேச ஒரு ஆளு இல்ல…"

அந்தச் சொல்லை அவர் இத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தார்? ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்தார். அவசரப்படவில்லை. அழவும் இல்லை. முடிந்ததும், "போதுமா டீச்சர்?" என்றார்.

"போதும் சித்தி" என்று பதிவை நிறுத்தினேன்.

"துஷா, நீ சாப்பிட்டியா?"

துஷா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்துபோய்ச் சட்டியின் மூடியைத் திறந்தாள். ஃபோனில் அம்மாவுக்குத் தெரியாது என்றாலும் திறந்தாள்.

"இருக்கும்மா" என்றாள். "இருக்கு."

அன்றைக்கே அந்தக் குரலை அனுப்பிவிட்டேன். பையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அவனும் அன்றே மேலே அனுப்பியதாகச் சொன்னான். பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. இந்த வெள்ளியும் வரவில்லை. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எதை வைத்துக் கணிப்பது? நான் ஏஜென்சியை அழைத்துக்கொண்டே இருக்கிறேன். 'இல்லை மிஸ், இன்னும் பதில் இல்லை' என்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது.

நேற்று அம்மா மாங்காய் அரிந்து சட்டியில் போட்டார். மஞ்சள் போட்டார். உப்பு டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"துஷா, உப்பு நெற…"

துஷா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். அம்மா அவளையும் டப்பாவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டியில் மாங்காய் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"உப்பு இல்லடி" என்றார் அம்மா. "ஓடிப்போய் வாங்கிட்டு வா."